தேங்காய்ப்பூ என்று நினைத்தது

வாசல் மூட இன்னும் முப்பத்தெட்டு நிமிடம்.
காலை ஐந்தே முக்காலுக்கே சாங்கி
நண்பகல் வெளிச்சம் போட்டுக்கொண்டு
யாரையும் கொட்டாவி விட விடாமல் பளபளக்கிறது.
கொழும்பில் ஒரு குளிர்க்கிடங்கின் கணக்குப் பார்க்கப் போகிறேன்.
இரண்டு இரவு, ஒரு பெட்டி.
பசியைத்தான் எதிலும் அடைக்க முடியவில்லை.

ரொட்டிக்கடை.
தட்டு, இடுக்கி,
பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்தவை போல
விறைப்பாக வரிசையில் பன்கள்.
பெயர்ச்சீட்டுகள் இடம் மாறியிருந்தன, அல்லது
என் மூக்குக்கண்ணாடி பெட்டிக்குள் இருந்தது.
இரண்டாவதுதான் உண்மை.
தலை நிறையத் தேங்காய்ப்பூ தூவிய ஒன்றைக்
காதைப் பிடித்துத் தூக்குவது போலத் தூக்கினேன்.
கூடவே ஒரு கோப்பி ஓ.
ஆறு வெள்ளி நாற்பது காசு.

நின்றபடியே முதல் கடி.
தேங்காய் இப்படிப் பல்லிடுக்கில் நூல் நூற்காதே.
முதலில் இனிப்பு, அதன் பின்னால் உப்பு,
அதற்கும் பின்னால்
சந்தேகத்துக்கு இடமில்லாமல்
கோழி.

இன்று புரட்டாசி இருபத்து மூன்று.

போன வருடம் மருத்துவமனை மின்தூக்கியில்
ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவே
பேரம் பேசினேன்.
பெருமாளே, இளம்பரிதியின் மூச்சு தானாக ஓடட்டும்,
புரட்டாசி முழுக்க மீன் முள்ளைக்கூடத் தொடமாட்டேன்.
எழுத்தில் எதுவும் இல்லை.
சாட்சிக்கு என்னோடு ஏறிய
காலிச் சக்கர நாற்காலி ஒன்று.
அவர் பங்கை அவர் அந்த வாரமே முடித்துக் கொடுத்துவிட்டார்.

கல்லாவுக்குத் திரும்பினேன்.
இது என்ன, என்று கேட்டேன்,
தெரிந்தே.
"ஆயாம், காக். கோழிதான்."
சட்டையில் நூர்ஹாயாத்தி என்று பெயர்.
என் முகத்தைப் பார்த்து அவள் முகம் மாறியது.
"அலர்ஜியா?"

ஒரு மாதம், ஒரு மின்தூக்கி, ஒரு பெருமாள்,
இத்தனையையும் ஆங்கிலத்தில் விளக்க
முப்பத்தோரு நிமிடம் போதாது.
ஆமாம், என்றேன்.

அவ்வளவுதான்.
மேலாளர் ஓடிவந்தார், நாற்காலி வந்தது,
தண்ணீர் வந்தது,
நிரப்ப ஒரு படிவம் வந்தது.
வரிசையில் நின்ற சீக்கியர் ஒருவர்
தன் பையிலிருந்து மாத்திரை அட்டையை நீட்டினார்.
நூர்ஹாயாத்தி மண்டியிட்டு
என் கண்ணுக்கு நேராகக் கேட்டாள்:
"மூச்சு விட முடிகிறதா?"

இதே கேள்வியை ஒரு டாக்டர்
அவரிடம் கேட்டபோது
பதில் வர ஒன்பது நொடி ஆனது.
எண்ணியிருக்கிறேன்.

இழுத்து ஒருமுறை விட்டேன்.
விட முடிகிறது, என்றேன்.
கண்ணில் நீர் வந்ததை அவர்கள்
அலர்ஜிக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

கையில் ஒரு வெறும் பன்னைத் திணித்து,
காசு வேண்டாம், ஓடுங்கள் காக், என்றாள்.
ஓடினேன்.
இந்த ஊரில் சோதனை வாசலுக்கு வாசல்,
தண்ணீர் எதுவும் உள்ளே போகாது.
கோப்பியை மூன்றே மடக்கில் விழுங்கினேன்.
நாக்கு வெந்தது.
கருடன் மேல் போகிறவருக்கு
இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது.

தொலைபேசி சிணுங்கியது.
சாப்பிட்டியா, என்று இளம்பரிதி.
பன், என்று அனுப்பினேன்.
பொய் இல்லை. சுருக்கம்.

விமானம் மேகத்துக்கு மேலே நிமிர்ந்தபின்
துப்பட்டாவைப் பார்த்தேன்.
மடிப்பில் ஒட்டிக்கொண்டு ஒரே ஓர் இழை,
பொன்னிறம், முடியைவிட மெல்லியது.
பக்கத்து இருக்கைக்காரர் தூங்குகிறார்.
ஜன்னலில் வெயில் மட்டும்.

விரலால் எடுத்தேன்.
அதை என்ன செய்தேன் என்று
பெருமாள் கேட்கட்டும்,
அவரிடம் சொல்லிக்கொள்கிறேன்.